ஒரு ஃபோன், ஐந்து பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

ஃபோனையும் கணினியையும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒன்றைப் படைப்பது எப்படி என்று திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருந்தால் அவற்றை ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: தரம் 8இல் 34 பிள்ளைகள். பாடசாலை மடிக்கணினி ஒன்று உண்டு. பெற்றோரிடம் கேட்டால் ஒரு நாளைக்கு நான்கு ஃபோன் கிடைக்கும். இணையம் இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிக் குழுவாக ஏதாவது செய்யச் சொன்னேன். ஃபோன் வைத்திருக்கிற பிள்ளை செய்கிறது, மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு விளையாடப் போகிறார்கள். – ஆசிரியை, மூதூர்

பதில்: ஒரு ஃபோனைச் சுற்றி ஐந்து பேர் நின்றால் அது கூட்டுவேலை ஆகாது. ஏசியும் பயனில்லை, ஏனென்றால் மற்ற நால்வருக்கும் அங்கே செய்வதற்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை. முதலில் வேலையைத் துண்டாக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தனக்கென்று ஒரு துண்டு இருக்க வேண்டும். மற்றவர்களுடையது வந்து பொருந்தாவிட்டால் அந்தத் துண்டு எதற்கும் உதவாது என்ற நிலையும் இருக்க வேண்டும்.

உங்களிடம் உள்ள கருவிகளுக்கு வீடியோவைவிட ஒலி நாடகமே ஏற்றது. கோப்பு சிறியது, முகம் காட்டக் கூச்சப்படுகிற பிள்ளையும் பேசும், திரைக்காக யாரும் முண்டியடிக்க மாட்டார்கள். கன்னியாவில் கிணறுகள் ஏழு. உங்கள் 34 பேரை ஏழு குழுவாக்கினால் ஆறு குழுக்களில் ஐவர், ஒன்றில் நால்வர். குழுவுக்கு ஒரு கிணறு, ஒரு காட்சி, 60 முதல் 75 விநாடி. எல்லாம் சேர்ந்தால் ஏழு முதல் ஒன்பது நிமிடம் வரும். ஏழு கிணற்றுத் தண்ணீரும் ஒரே சூடு இல்லை என்பது அங்கே குளித்த எல்லோருக்கும் தெரியும். ஒரு கிணற்றைக் கோபக்காரியாகவும் இன்னொன்றைப் பொறுமைசாலியாகவும் பேசவைக்கப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் ஊன்றிய இடங்கள் என்ற கதையை மட்டும் முதற் குழுவுக்கே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஏழு காட்சியிலும் இராவணன் வருவான்.

ஆறு பாடவேளை தேவை, ஒவ்வொன்றும் 40 நிமிடம்.

முதற் பாடவேளையில் ஃபோனை எடுக்கவே வேண்டாம். ஆளுக்கொரு தாள். ஆறு நிமிடம் பேச்சில்லாமல் தன் கிணற்றைப் பற்றி எழுத வேண்டும். பிறகு தாள் வலப்பக்கத்தில் இருப்பவரிடம் போகும். அவர் மூன்று நிமிடம் அதைத் தொடர்ந்து எழுதுவார். இப்படி மூன்று சுற்று. 'எல்லாரும் சேர்ந்து யோசியுங்கோ' என்று முதலிலேயே விட்டால் சத்தமாகப் பேசுகிற இருவரின் யோசனைதான் மிஞ்சும். மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற உளவியலாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் காட்டினார்கள்: கூடியிருந்து வாயால் யோசனை சொல்லும் குழுவைவிட, அதே எண்ணிக்கையானவர்கள் தனித்தனியே இருந்து யோசித்தால் கூடுதலான யோசனைகள் கிடைக்கின்றன. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதே முக்கிய காரணம்.

இரண்டாவதில் எழுத்துப் பிரதி. தாளை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் சத்தம். பேச்சு நூறு சொல்லைத் தாண்ட விடாதீர்கள், தாண்டினால் 75 விநாடிக்குள் சத்தத்துக்கு இடமே இராது. வலப்பக்கம் வெறுமையாக இருக்கிற பிரதியைத் திருப்பிக் கொடுங்கள்.

மூன்றாவது சத்தம் பிடிக்கும் நாள். சுளகில் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு மெதுவாகச் சாய்த்தால் அலை. தண்ணீர்க் குவளைக்குள் ஸ்ட்ரோ விட்டு ஊதினால் வெந்நீர் கொதிப்பு. சிறிய ஊதல் சிறு குமிழி, ஆழமான பாத்திரத்தில் ஊதினால் தடித்த குமிழி. இரண்டையும் தனித்தனியே பதிந்து பிறகு கலந்தால்தான் கிணறு போலக் கேட்கும். பித்தளைச் செம்பை நூலில் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டினால் கோயில் மணி. செம்பைக் கையில் பிடித்துத் தட்டினால் ஓசை அடைத்துவிடும். மூன்று ஃபோன்களை இதற்கு ஒதுக்குங்கள், நான்காவதைத் தொடாதீர்கள்.

நான்காவது பாடவேளையில் குரல் முழுவதும் அந்த நான்காவது ஃபோனில்தான், ஒரே அறையில், ஒரே இடத்தில். வெவ்வேறு ஃபோனில் பதிந்தால் ஒவ்வொரு காட்சியும் ஒவ்வொரு ஊரில் நடந்தது போலக் கேட்கும். குழுவுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஏழு குழுவுக்கு 35 நிமிடம், மணியடிக்குமுன் முடிந்துவிடும். மேசையில் மடித்த போர்வை, அதன்மேல் ஃபோன். பெரும்பாலான ஃபோன்களில் மைக் அடிப்பக்கம் இருக்கும், அந்த முனை பேசுகிறவரை நோக்கி இருக்கட்டும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். ஃபேனை நிறுத்துங்கள், ஃபோனை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். யாரும் பேசாமல் வெறும் அறையை 10 விநாடி பதியவும் மறக்க வேண்டாம், பின்னால் இரைச்சலை நீக்க அது தேவைப்படும். ஐவரில் இருவர் பேச, ஒருவர் மணிக்கூடு பார்க்க, ஒருவர் பிரதியை விரலால் தொடர, ஒருவர் கொப்பியில் குறிக்க: 'கிணறு 3, பதிவு 2, நல்லது' என்பது போல. இந்தக் குறிப்பு இல்லாத குழு அடுத்த பாடவேளை முழுவதையும் எது நல்ல பதிவு என்று தேடியே கழிக்கும்.

வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வீசும் நாட்களில் ஜன்னல் பக்கம் பதியாதீர்கள். மைக்கில் காற்று மோதும் 'புப்பு' ஓசையை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது. வெளியில் பதிந்தே ஆக வேண்டுமென்றால் மைக் முனைமேல் மெல்லிய பஞ்சுத்துண்டை றப்பர் பாண்டால் கட்டுங்கள்.

ஐந்தாவது பாடவேளையில்தான் பெரும்பாலான வகுப்புகள் குலையும், ஏனென்றால் கணினி ஒன்று, பிள்ளைகள் 34. ஆகவே முதலில் நிலத்தில் தாளால் இணையுங்கள். ஒரு விநாடிக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்து ஒவ்வொரு குழுவும் 75 சென்ரிமீற்றர் நீளத் தாள்பட்டி வெட்டட்டும். குரலுக்கு ஒரு பட்டி, சத்தத்துக்கு ஒன்று, இசைக்கு ஒன்று. எது எந்த விநாடியில் தொடங்குகிறது என்று பென்சிலால் குறித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் முழுக் காட்சியும் கண்ணுக்குத் தெரியும். சண்டையும் சமாதானமும் அங்கேயே முடியும். பிறகு குழுவுக்கு இருவர் மட்டும் தங்கள் பட்டியோடு கணினிக்கு வந்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அதே இடங்களில் ஒலிகளை வைப்பார்கள். ஐந்து நிமிடம் போதும்.

ஆடாசிட்டி இலவசம், இணையம் தேவையில்லை. ஆனால் பல ஃபோன்கள் ஒலியை எம்4ஏ வடிவில் சேமிக்கும். விண்டோஸில் ஆடாசிட்டி அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற இணைப்பு வேண்டும். முதல்நாளே அதை நிறுவுங்கள், அல்லது வேவ் வடிவில் பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள். ஒற்றைத் தடத்தில் வேவ் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி. ஏழு காட்சியையும் மூன்று தடவை பதிந்தாலும் 150 எம்பி தாண்டாது, பழைய பென் டிரைவ் ஒன்று போதும். இரைச்சல் நீக்க, வெறும் அறைப் பதிவைத் தெரிவுசெய்து மாதிரி எடுத்து, பிறகு முழுவதற்கும் 12 டெசிபல் அளவில் போடுங்கள். 20, 25 என்று ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். உச்ச அளவு −6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். முடிந்ததை எம்பி3, 128 கேபிபிஎஸ் அளவில் எடுத்தால் நிமிடத்துக்கு 1 எம்பிதான்.

ஆறாவது பாடவேளையில் எல்லோரும் கண்ணை மூடிக் கேளுங்கள். ஒவ்வொரு குழுவும் இன்னொரு குழுவின் காட்சியில் ஒரே ஒரு திருத்தம் சொல்லலாம், அதுவும் எத்தனையாவது விநாடி என்று சொல்லி.

கேள்வி: எங்கள் மாணவர் மன்றம் பாடசாலை மலர் ஒன்றைச் சேர்ந்து எழுதுகிறது. சிலர் கணினியில் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள், சிலர் ஃபோனில் அடிக்கிறார்கள். கூகுள் டாக்ஸில் ஒட்டினால் பாதி தமிழ், பாதி அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து. – ஆசிரியர், திருகோணமலை நகரம்

பதில்: பாமினியில் அடித்ததைக் கணினி தமிழாகச் சேமிப்பதே இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, அதன்மேல் எழுத்துரு தமிழ் வடிவத்தை வரைகிறது. 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத இடத்துக்குப் போனதும் அந்த வேடம் கலைந்துவிடும். ஃபோன் அடிப்பது யூனிகோட் என்ற உலகப் பொது எழுத்துக் குறிமுறை, அது எங்கே போனாலும் தமிழ்தான். பலர் சேர்ந்து எழுதும் வேலைக்கு யூனிகோட் ஒன்றே வழி. பாமினியில் எழுதியதைத் தமிழில் தேடவும் முடியாது, குரலாக வாசிக்கவைக்கவும் முடியாது.

பாமினி விரலுக்குப் பழகியவர்கள் புதிதாகத் தட்டெழுதப் பழக வேண்டியதில்லை. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்ற தட்டெழுத்து மென்பொருள்கள் இரண்டிலும் பாமினி விசையமைப்பு உண்டு. விரல் பாமினியில் அடிக்கும், திரையில் யூனிகோட் விழும். ஏற்கெனவே அடித்தவற்றை மாற்றிகளில் போட்டு மாற்றலாம். அப்போது மூன்று இடத்தில் தவறும். இடையே உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாகிக் குழம்பும், ஆகவே அவற்றை முதலில் வெட்டி வேறாக வையுங்கள். மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாக மாறலாம். 'கொ', 'கோ' போன்றவற்றில் ஒரு குறியை இருமுறை தட்டியிருந்தால் புள்ளிவட்டம் ஒன்று தனியே நிற்கும். மாற்றியபின் கட்டாயம் ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

பன்னிரண்டு பேர் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் அடித்தால் ஒருவரின் வரி இன்னொருவரின் வரிக்குள் புகும். பொது ஆவணம் ஒன்றில் ஓர் அட்டவணை போட்டு, ஆக்கம், எழுதுபவர், திருத்துபவர், நிலை என்று நான்கு நிரல் வையுங்கள். ஆக்கம் ஒவ்வொன்றும் தனி ஆவணம். எழுதுபவருக்கு எடிட்டர் உரிமை, மற்றவர்களுக்குக் கமென்டர் உரிமை. திருத்துபவர் 'சஜெஸ்டிங்' முறையில் மட்டும் மாற்றுவார், எழுதியவர் பார்த்து ஏற்பார் அல்லது மறுப்பார். தன் வரியை யாரோ சொல்லாமல் வெட்டிவிட்டார்கள் என்ற மனக்கசப்பில்தான் மலர்க்குழுக்கள் உடைகின்றன. அதை இந்த ஒரு பொத்தான் தடுக்கும். இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று திறந்துவிட வேண்டாம். தெரியாமல் அழிந்தது எதுவானாலும் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய வடிவம் இருக்கும்.

கடைசியாக அச்சகம். பழைய பேஜ்மேக்கரில் பக்கம் கட்டும் அச்சகம் பாமினியில்தான் கேட்கும், அதற்கு யூனிகோட் தெரியாது. அப்படியானால் எல்லாத் திருத்தமும் முடிந்து, மூன்று முறை மெய்ப்புப் பார்த்த பிறகே பாமினிக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒரு திருத்தம் வந்தால் இரண்டு இடத்தில் செய்ய வேண்டிவரும், ஒன்று நிச்சயம் தவறும். இன்டிசைன் என்ற புதிய பக்கம் கட்டும் மென்பொருள் வைத்திருக்கும் அச்சகமானால் அதில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள், யூனிகோட் தமிழ் அப்படியே ஒழுங்காக நிற்கும். அதைத் தெரிவுசெய்யாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தின் தவறான பக்கத்தில் போய் நிற்கும்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் தரம் 10. பாலம் வருமுன் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச்சென்ற பாதையை (மிதவைப் படகை) வைத்து, ஸ்க்ராட்ச் என்ற நிரலாக்க மென்பொருளில் ஒரு விளையாட்டுச் செய்கிறோம். பென் டிரைவில் மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறோம். இரண்டு முறை நண்பன் செய்தது என் கோப்பால் அழிந்துவிட்டது. – மாணவன், கிண்ணியா

பதில்: பாலம் 2009இல் திறந்தபின் பிறந்த நீங்கள் பாதையை விளையாட்டாக்குவது மிகவும் நல்ல யோசனை, தம்பி. கரையில் காத்திருந்த அனுபவத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், காட்சிகள் தானாக வரும்.

கோப்பு அழிவதற்குக் காரணம் மூவரும் முழு விளையாட்டையும் தூக்கிக்கொண்டு திரிவது. முழுக் கோப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை (ஸ்ப்ரைட்) மட்டும் எடுத்துப்போங்கள். திரைக்குக் கீழே உள்ள பாத்திரத்தின் சிறுபடத்தில் வலது கிளிக் செய்தால் 'எக்ஸ்போர்ட்' வரும். அது கட்டளை, உடை, ஒலி எல்லாவற்றோடும் ஸ்ப்ரைட்3 என்ற தனிக் கோப்பாக இறங்கும். வீட்டில் வேலை செய்து திரும்பக் கொண்டுவந்து, பூனைத்தலைப் பொத்தானில் 'அப்லோட் ஸ்ப்ரைட்' கொடுங்கள். பழைய பாத்திரத்தை அழித்த பிறகே புதியதை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் 'பாதை' என்ற பெயர் 'பாதை2' ஆகிவிடும், 'பாதையைத் தொட்டால்' என்று நண்பன் எழுதிய கட்டளை பழைய பெயரைத் தேடிக்கொண்டே இருக்கும். பின்னணிப் படங்கள் பாத்திரத்தோடு போகாது, அவை முழுக் கோப்பு வைத்திருப்பவரின் பொறுப்பு.

பிரிந்து செய்யுமுன் ஒரு தாளில் மூவரும் கையொப்பம் வைக்குமளவுக்கு உறுதியாக நான்கு விடயம் எழுதுங்கள். ஒன்று, பொதுவான மாறிகளின் பெயர்: புள்ளி, உயிர், பயணிகள். இவை 'ஃபார் ஆல் ஸ்ப்ரைட்ஸ்' ஆக இருக்க வேண்டும். இரண்டு, ஒலிபரப்புச் செய்திகளின் பெயர். 'கரைசேர்ந்தது' என்று ஒருவரும் 'கரை சேர்ந்தது' என்று இடைவெளி விட்டு இன்னொருவரும் எழுதினால் ஸ்க்ராட்ச்சுக்கு அவை இரண்டு வெவ்வேறு செய்திகள், விளையாட்டு அசையாமல் நிற்கும், பிழையும் காட்டாது. மூன்று, தண்ணீர் மட்டம். மேடை 480க்கு 360, நடுப்புள்ளி பூச்சியம். நீர்மட்டம் y = −60 என்று முடிவு செய்யாவிட்டால் ஒருவரின் பாதை பறக்கும், இன்னொருவரின் மீன் கரையில் நீந்தும். நான்கு, பாத்திரத்தின் அளவு.

கோப்புக்கு 'கடைசி', 'புதுக்கடைசி' என்று பெயர் வைக்காதீர்கள். 'பாதை_07' போல எண் ஏறிக்கொண்டே போகட்டும், பழையதை அழிக்க வேண்டாம். கோப்புகள் சிறியவை.

கேள்வி: வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்ட் கிடைத்தால் பிள்ளைகளின் ஆக்கத்திறன் கூடுமா? – அதிபர், குச்சவெளி

பதில்: பலகைக்கு முன்னால் ஒரு தடவையில் ஒருவர், மிஞ்சினால் இருவர்தான் நிற்கலாம். விளக்கிச் சொல்ல அது உதவும், சேர்ந்து செய்ய உதவாது. அதே பணம் கையில் இருந்தால் பழுதுபார்த்த மடிக்கணினிகள் சிலதும் ஒலிபெருக்கி ஒன்றும் வாங்குங்கள். பலகை ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் குழுக்கள் செய்து முடித்ததை எல்லோருக்கும் போட்டுக் காட்டும் இடமாக அதை வைத்திருங்கள்.

கேள்வி: மகளும் கூட்டாளிகளும் தாள் உருவங்களை அசைத்து அசைத்துப் படம் எடுத்து அனிமேஷன் செய்கிறார்கள், வகுப்புப் போட்டிக்கு. ஓடவிட்டுப் பார்த்தால் வெளிச்சம் மினுக் மினுக்கென்று மாறுகிறது, படமும் துள்ளுகிறது. – தாய், உப்புவெளி

பதில்: மினுக்கலுக்கு முதற் காரணம் ஃபோனே. ஒவ்வொரு படத்துக்கும் அது வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாகச் சரிசெய்யும். திரையில் உருவத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல ஃபோன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போன்ற செயலிகளில் இதற்குத் தனி அமைப்பு உண்டு.

பூட்டியும் மினுக்கினால் பிள்ளைகளின் உடையைப் பாருங்கள். வெள்ளைச் சீருடையோடு ஒரு பிள்ளை குனிந்தால் அந்த வெள்ளையில் பட்ட வெளிச்சம் தாள்மேல் விழும், நிமிர்ந்தால் போய்விடும். பத்துப் படத்துக்கு ஒருமுறை காட்சி பளிச்சிடுவது அதனால்தான். படம் பிடிக்கும் நாளில் கருநிறச் சேர்ட் போடச் சொல்லுங்கள். ஜன்னலை மூடி, இருபக்கமும் ஒவ்வொரு 9 வாட் எல்இடி மின்குமிழ் வையுங்கள். மேகம் போகப்போக மாறும் பகல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

துள்ளலுக்குக் காரணம் ஃபோன் அசைவது. ஸ்டூலைக் கவிழ்த்து, இரண்டு கால்களுக்கு நடுவே பலகைத் துண்டு வைத்து, ஃபோனை அதன்மேல் டேப்பால் ஒட்டுங்கள். படம் எடுக்கத் திரையைத் தொடக் கூடாது. வயருள்ள இயர்ஃபோனைச் செருகினால் அதிலுள்ள ஒலிப் பொத்தானே பல ஃபோன்களில் படம் எடுக்கும். ஃபேனை நிறுத்துங்கள். தாள் உருவங்களின் அடியில் சிறு உருண்டை புளூ டாக் (மீண்டும் மீண்டும் ஒட்டியெடுக்கும் பசை) ஒட்டினால் நழுவாது. களிமண் உருவம் செய்ய ஆசைப்பட்டால், எங்கள் ஊர் வெயிலில் விளையாட்டுக் களிமண் அரைமணி நேரத்தில் தளர்ந்து தலை சாயும் என்பதை நினைவில் வையுங்கள்.

விநாடிக்கு 10 படம் போதும். 20 விநாடிக் கதைக்கு 200 படம். மெதுவான நடைக்கு ஒவ்வொரு படத்துக்கும் 3 முதல் 5 மில்லிமீற்றர் நகர்த்துங்கள். நால்வர் என்றால் இருவர் நகர்த்த, ஒருவர் பொத்தான் அழுத்த, நாலாமவர் 'கை வெளியே' என்று சொல்லிக் கொப்பியில் எண்ணிக்கை போடுவார். அவர் சொல்லாமல் பொத்தான் அழுத்தக் கூடாது. 25 படத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். முக்கால் மணிக்கு மேல் ஒரே பிள்ளை நகர்த்தினால் கை களைத்து அசைவு பெரிதாகிவிடும்.

கேள்வி: பக்கத்துச் சிங்களப் பாடசாலையோடு சேர்ந்து ஊர் வரைபடம் ஒன்று செய்ய விரும்புகிறோம். இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் மற்றவர் மொழி அதிகம் தெரியாது. – ஆசிரியர், தம்பலகாமம்

பதில்: மொழி தெரியாததையே வேலையாக்குங்கள். ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தை அடியாகக் கொண்ட யூமேப் தளத்தில் இலவசமாகப் பொது வரைபடம் தொடங்கலாம். ஓர் இடத்துக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு சிங்களப் பிள்ளை. மூன்று பொருள் சேர்க்க வேண்டும்: இரு மொழியிலும் பெயர், இருவரும் சேர்ந்து வரைந்த ஒரு படம், 20 விநாடி ஒலி. ஒலியில் தமிழ்ப் பிள்ளை சிங்களப் பெயரையும் சிங்களப் பிள்ளை தமிழ்ப் பெயரையும் சொல்ல வேண்டும். 'வெந்நீர்க் கிணறு' என்று அந்தப் பிள்ளையும் 'உணு திய லிங்' என்று இந்தப் பிள்ளையும் சொல்லிப் பழகும்போது ஒருவருக்கொருவர் ஆசிரியராகிவிடுவார்கள்.

ஒரு பக்கத்தார் எழுத, மறுபக்கத்தார் மொழிபெயர்க்க என்று பிரிக்காதீர்கள். மொழிபெயர்க்கிறவர்கள் எப்போதும் இரண்டாம் ஆளாகவே நிற்பார்கள். கூகுள் மொழிபெயர்ப்பு இடப்பெயர்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக் கெடுக்கும், பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டே எழுதுங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் உண்டு, துறைமுகப் பக்கம் கடற்படை உண்டு. அங்கெல்லாம் ஃபோனை எடுக்குமுன் அனுமதி கேட்கவேண்டும், அல்லது கையால் வரைந்த படமே போதும்.

கேள்வி: பிள்ளையின் குரலும் படமும் வெளியில் போவது பயமாக இருக்கிறது. – தந்தை, நிலாவெளி

பதில்: பயம் நியாயமானது. பாடசாலை எழுத்தில் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும், எங்கே, எவ்வளவு காலம் என்றும் சொல்ல வேண்டும். முகமில்லாமல் கையும் வேலையும் தெரியும் படம், முழுப்பெயர் இல்லாத குரல் என்று நீங்கள் எல்லை வைக்கலாம். கமெராவில் இருப்பிடப் பதிவை நிறுத்துங்கள், இல்லையென்றால் படத்துக்குள்ளேயே வீட்டின் இடம் இருக்கும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் அந்தத் தகவலும் கூடவே போகும். 13 வயதுக்குக் கீழே பிள்ளை தானாகக் கூகுள் கணக்குத் திறக்க முடியாது. வயதை மாற்றிப் போட்டுத் திறந்து கொடுக்காதீர்கள், ஆசிரியரின் கணக்கில் வேலை நடக்கட்டும்.

கேள்வி: குழு வேலைக்கு எப்படிப் புள்ளி போடுவது? எல்லாருக்கும் ஒரே புள்ளி போட்டால் உழைத்த பிள்ளை அழுகிறது. – ஆசிரியை, திருகோணமலை நகரம்

பதில்: பத்துக்கு நாலு குழுவுக்கு, ஆறு தனி ஆளுக்கு. குழுப் புள்ளி முடிந்த படைப்புக்கு. தனிப் புள்ளிக்கு ஆதாரம் வேண்டும், அது வேலை நடக்கும்போதே சேர வேண்டும், கடைசி நாளில் தேடக் கூடாது. ஒவ்வொரு பாடவேளையின் கடைசி மூன்று நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கொப்பியில் மூன்று வரி எழுதட்டும்: இன்று நான் செய்தது, இன்னொருவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, நாளை செய்ய வேண்டியது. இரண்டாவது வரிதான் முக்கியம். ஐந்து கொப்பியையும் பக்கத்தில் வைத்தால் யாருடைய பெயர் மற்றவர்களின் இரண்டாவது வரியில் அடிக்கடி வருகிறது என்று தெரியும். பேசாமல் உழைக்கிற பிள்ளையை அங்கேதான் கண்டுபிடிப்பீர்கள்.

வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்த்து, அதிகம் தட்டெழுதியவருக்கு அதிகப் புள்ளி போடாதீர்கள். ஒரு பக்கம் அடித்த பிள்ளையைவிட, அந்தப் பக்கத்தில் தேவையில்லாத பத்து வரியை வெட்டிய பிள்ளை கூட வேலை செய்திருக்கலாம். சந்தேகம் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு 'இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்று ஒரே கேள்வி கேளுங்கள். செய்த பிள்ளை நிறுத்தாமல் சொல்லும். செய்யாத பிள்ளை பக்கத்தில் நிற்கும் கூட்டாளியைப் பார்க்கும். குறைந்த புள்ளி பெறும் பிள்ளைக்கு அடுத்த தவணையில் மணிக்கூடு பார்க்கும் வேலையைக் கொடுக்காமல், குரலையோ கட்டளையையோ கொடுங்கள்.